பெயர் போட வேண்டாம், ப்ளீஸ்!

'வெளியில் சொல்லத் தயங்கும் பொழுதுபோக்கு உங்களுக்கு உண்டா? அதைப் பற்றிக் கேளுங்கள்' என்று போன இதழில் அறிவித்திருந்தோம். கடன் தொல்லை, மாமியார் தொல்லை, மூலம், பௌத்திரம் பற்றியெல்லாம் முழு முகவரியோடு எழுதும் நம் வாசகர்கள், தபால்தலை சேர்ப்பதைச் சொல்லும்போது மட்டும் 'பெயர் போட வேண்டாம், ப்ளீஸ்' என்று அடிக்கோடு போட்டிருக்கிறார்கள். அவரவர் விருப்பப்படி ஊர் பெயரோடு நிறுத்திக்கொண்டோம்.

இன்ஜின் பிரியர், அரக்கோணம்
கே: வரும் ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்கப் போகிறோம். காலேஜ் நாளிலிருந்து ரயில் இன்ஜின் நம்பர்களை நோட்டில் குறித்து வைக்கிறேன். இதைப் பெண்ணிடம் சொல்லலாமா, கூடாதா?

ப: பஜ்ஜி, சொஜ்ஜி வருவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். கல்யாணத்துக்குப் பிறகு பீரோவில் நோட்டு நோட்டாக ஐந்து இலக்க நம்பர்கள் அகப்பட்டால், லாட்டரி என்றுதான் அந்தப் பெண் நினைப்பாள்.

உங்கள் ஜாதிக்காரர் ஒருவர் செக் நாட்டில் இருந்தார். பெயர் அந்தோனின் த்வோராக், உலகம் கொண்டாடும் இசை மேதை. ப்ராக் நகரத்து ரயில் நிலையத்துக்குப் போய் இன்ஜின்களை வேடிக்கை பார்ப்பதும், எந்த வண்டியை எந்த இன்ஜின் இழுத்தது என்று நினைவு வைத்துக்கொள்வதும் அவருக்கு சிம்பொனி எழுதுவதற்குச் சமமான காரியம். ஒருநாள் தானே போக முடியாமல், மகள் ஒட்டிலியைக் கட்டிக்கொள்ளப்போகிற சீடர் யோசெஃப் சுக்கை அனுப்பினாராம். அந்தப் பிள்ளை இன்ஜின் நம்பரை விட்டுவிட்டு, பின்னால் நிலக்கரி சுமந்துகொண்டு நிற்கிற டெண்டரின் நம்பரைக் குறித்துக்கொண்டு வந்து நின்றது. இந்த ஆளையா கட்டிக்கொள்ளப் போகிறாய் என்று த்வோராக் மகளிடம் கேட்டதாகக் கதை. நல்லவேளையாக மகள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. 1898-ல் கல்யாணம் நடந்தது.

பெண் ஆர்வமாகக் கேட்டால் விளக்கத் தயாராகப் போங்கள். இன்ஜினின் நெற்றியில் டபிள்யூ.ஏ.பி-7 என்று இருந்தால், டபிள்யூ அகலப்பாதைக்கு, ஏ மின்சாரம் ஏ.சி. என்பதற்கு, பி பயணிகள் வண்டிக்கு, 7 அந்த வகையில் அதன் மாடலுக்கு. பி இருக்கும் இடத்தில் ஜி இருந்தால் அது சரக்கு வண்டிக்கானது. பக்கவாட்டில் ஆர்.பி.எம். என்றிருந்தால் ராயபுரம் ஷெட், ஏ.ஜே.ஜே. என்றிருந்தால் உங்கள் ஊர் ஷெட். அவ்வளவோடு நிறுத்துங்கள். பென்டோகிராஃப் வரைக்கும் போனால், உள்ளேயிருந்து வந்த தாம்பூலத் தட்டு வந்த வழியே திரும்பிவிடும்.

ஓர் அம்மா, தஞ்சாவூர்
கே: பிளஸ் ஒன் படிக்கும் என் மகன் எந்நேரமும் ரூபிக் கியூபும் கையுமாக இருக்கிறான். கல்யாண வீட்டில்கூட மூலையில் உட்கார்ந்து திருகிக்கொண்டிருக்கிறான். நாலு பேர் பார்க்கிறார்கள், மானம் போகிறது.

ப: அந்த நாலு பேர் கையிலும் செல்போன் இருந்திருக்குமே? எர்னோ ரூபிக் என்கிற ஹங்கேரிக்காரர் 1974-ல் செய்த அந்தச் சின்னப் பெட்டியை எத்தனை விதமாகக் கலைக்கலாம் தெரியுமா? 43 என்று எழுதி, பின்னால் இன்னும் பதினெட்டு இலக்கம் எழுத வேண்டும். எப்படிக் கலைத்தாலும் 20 திருகலுக்குள் சேர்த்துவிட முடியும் என்று 2010-ல் நிரூபித்தார்கள். உங்கள் பிள்ளை அந்த இருபதைத் தேடிக்கொண்டிருக்கிறான். பந்தியில் இடம் பிடித்ததும் கூப்பிடுங்கள், வருவான்.

மனைவி, கும்பகோணம்
கே: என் வீட்டுக்காரர் ஒரே ஒரு பழைய தபால்தலைக்கு நாலாயிரம் ரூபாய் கொடுத்துவிட்டு வந்து நிற்கிறார். அதை ஒட்டித் தபால்கூடப் போட முடியாதாம்! யாரிடம் போய்ச் சொல்வது?

ப: ஐந்தாம் ஜார்ஜ் மன்னரிடம் சொல்லியிருக்கலாம், இப்போது இல்லை. அவர் இளவரசராக இருந்த 1904-ல், மொரீஷியஸ் தீவு 1847-ல் வெளியிட்ட இரண்டு பென்னி தபால்தலை ஒன்றை 1,450 பவுண்டு கொடுத்து ஏலத்தில் எடுத்தார். அரண்மனை ஆள் ஒருவர் பேச்சுவாக்கில், எந்த முட்டாளோ ஒரு தபால்தலைக்கு இவ்வளவு கொட்டிக் கொடுத்திருக்கிறானாமே என்று அவரிடமே சொல்ல, அந்த முட்டாள் நான்தான் என்றாராம் இளவரசர். வெட்கமும் இல்லை, பீற்றலும் இல்லை. எனக்குத் தெரிந்து, பொழுதுபோக்கு உள்ள ஒருவர் கொடுத்த ஆகச் சிறந்த பதில் இதுதான்.

ஆனால் ஒன்று, ஜார்ஜின் அப்பா அரசர். உங்கள் வீட்டில் இருபதாம் தேதிக்கு மேல் பால்காரருக்கு யார் பதில் சொல்வது என்பதைத் தபால்தலை வாங்குமுன் பேசிக்கொள்வது நல்லது.

வருவாய்த் துறை அலுவலர், மதுரை
கே: வயது ஐம்பத்திரண்டு. இன்னமும் காமிக்ஸ் படிக்கிறேன். ஆபீஸில் ஃபைலுக்குள் மறைத்து வைத்துப் படிக்க வேண்டியிருக்கிறது. இந்த வயதில் இது அசிங்கம்தானே?

ப: 1972-ல் முத்து காமிக்ஸ் தொடங்கியபோது முதல் இதழில் வந்தவர் இரும்புக்கை மாயாவி. உடம்பில் மின்சாரம் பாய்ந்தால் ஆள் மறைந்துபோவார், இரும்புக்கை மட்டும் அந்தரத்தில் தெரியும். ஃபைலுக்குள் மறைகிற உங்கள் நிலைமையும் அதேதான். நீங்கள் மறைந்துவிட்டதாக நினைக்கிறீர்கள், கை தெரிகிறது. உங்கள் அலுவலக உதவியாளருக்குத் தெரியாமல் அந்த ஆபீஸில் எந்த ரகசியமும் இருக்க முடியாது. டீ வைக்க வரும்போது கொஞ்சம் கூடுதல் நேரம் நிற்கிறாரா என்று கவனியுங்கள். ஓசி கேட்க வாய் வராமல் நிற்கிறாரோ என்னவோ.

அசிங்கம் எது என்றால், ஆபீஸ் நேரத்தில் படிப்பது. மத்தியானச் சாப்பாட்டு வேளையில், ஃபைல் இல்லாமல், அட்டை தெரியப் படியுங்கள்.

மாமனார், காரைக்குடி
கே: மாப்பிள்ளை பழைய சினிமா நோட்டீஸ், பாட்டுப் புத்தகம், கல்யாணப் பத்திரிகை என்று கண்டதையும் சேர்க்கிறார். வீட்டில் கால் வைக்க இடமில்லை. இதனால் காலணா லாபம் உண்டா?

ப: கேட்பது காரைக்குடிக்காரர் என்பதால் பதில் கொஞ்சம் நீளமாகவே வரும். உங்கள் ஊருக்குப் பக்கத்தில்தான் கோட்டையூர். அங்கே ரோஜா முத்தையா என்று ஒருவர் இருந்தார், போர்டு எழுதுகிற ஓவியர். எழுதிச் சம்பாதித்ததைக் கொண்டு பழைய புத்தகம், பத்திரிகை, நாடக நோட்டீஸ் என்று மற்றவர்கள் எடைக்குப் போடுவதையெல்லாம் வாங்கி அடுக்கினார். அவரைப் பார்த்தும் இதே காலணாக் கேள்வியை எத்தனை பேர் கேட்டிருப்பார்களோ! 1992-ல் அவர் காலமான பிறகு அந்தச் சேகரிப்பை விலைக்கு வாங்கியது அமெரிக்காவின் சிகாகோ பல்கலைக்கழகம். கப்பலில் ஏற்றிக்கொண்டு போகாமல், 1994-ல் சென்னையிலேயே அவர் பெயரில் ஆராய்ச்சி நூலகமாக அமைய வழிசெய்தார்கள். இன்றைக்குப் பழைய தமிழ் அச்சு நூல்களைத் தேடுகிற வெளிநாட்டு ஆராய்ச்சியாளர்களும் தரமணிக்கு வந்து, அவர் எடைக்கடையிலிருந்து மீட்டதைப் புரட்டுகிறார்கள்.

இன்னொருவர் ஃபிலிம் நியூஸ் ஆனந்தன். எந்தப் படம் என்றைக்கு வந்தது, யார் இயக்கியது, யார் நடித்தது என்று யாரும் கேட்காமலே குறித்து வைத்தார். 1958-ல் 'நாடோடி மன்னன்' படத்துக்கு மக்கள் தொடர்பாளராகி, தமிழ் சினிமாவில் அந்த வேலைக்கே பிள்ளையார் சுழி போட்டவர். அவர் சேர்த்ததைப் பிற்பாடு தமிழக அரசே வாங்கிக்கொண்டது.

மாப்பிள்ளை வைத்திருக்கிற பாட்டுப் புத்தகம் ஒன்றை எடுத்துப் பாருங்கள். சாணித்தாள், மங்கிப்போன ஒற்றை வர்ண அட்டை. உள்ளே கதைச் சுருக்கம், கதாநாயகி வில்லனிடம் மாட்டிக்கொள்ளும் இடத்தில் நின்று, 'மீதியை வெள்ளித்திரையில் காண்க' என்று முடியும். பல பழைய படங்களுக்குப் பிரதியே கிடையாது. வெள்ளித்திரையில் காண வழியில்லாத படத்துக்கு மிச்சம் அந்தச் சாணித்தாள்தான்.

இத்தனையும் சொன்னாலும் உங்கள் மகள் பக்கம்தான் நான். சேர்ப்பவர் ஒருவர், தூசி தட்டுபவர் வேறொருவர் என்பது நம் வீடுகளில் எழுதாத சட்டம். ரோஜா முத்தையாவைப் பாராட்டுகிற நாம், அந்த வீட்டில் பாச்சா உருண்டை போட்டது யார் என்று கேட்பதில்லை. மாப்பிள்ளையிடம் இரண்டே நிபந்தனை போடுங்கள். ஒன்று, தூசி அவர் பொறுப்பு. இரண்டு, என்னென்ன இருக்கிறது என்று பட்டியல் எழுத வேண்டும். பட்டியல் எழுத உட்கார்ந்தாலே பாதிப் பேர் சேர்ப்பதை நிறுத்திவிடுவார்கள். நிறுத்தாதவர் என்றால் விட்டுவிடுங்கள், அவர் வேறு ரகம்.

பேனா மன்னன், சேலம்
கே: என்னிடம் 214 மை பேனாக்கள் இருக்கின்றன! நான் ஏன் வெட்கப்பட வேண்டும்? என் பெயரையும் போட்டோவையும் தாராளமாக, பெரிதாகவே போடுங்கள்!

ப: உங்கள் கடிதம் பால்பாயின்ட் பேனாவில் எழுதப்பட்டிருக்கிறது. எனவே வெளியிடவில்லை.

கல்லூரி ஆசிரியை, நாகர்கோவில்
கே: நான் ஹாம் ரேடியோ உரிமம் வாங்கியவள். மொட்டை மாடியில் ஆன்டெனா கட்டியதிலிருந்து தெருவே என்னை உளவாளியைப் பார்ப்பதுபோல் பார்க்கிறது. பக்கத்து வீட்டு டி.வி. இழுத்தாலும் நான்தான் காரணமாம்.

ப: உரிமத்தை ஃபிரேம் போட்டு வாசலில் மாட்டுங்கள். மத்திய அரசு நடத்தும் பரீட்சை எழுதித் தேறி, வி.யு. என்று தொடங்கும் அழைப்புக் குறி வாங்கியவர் என்று தெரு தெரிந்துகொள்ளட்டும். உளவாளிகள் பரீட்சை எழுதி லைசென்ஸ் வாங்குவதில்லை.

அப்படியும் முணுமுணுத்தால், உங்களைப் போலவே ஹாம் ரேடியோக்காரரான பாரதி பிரசாத் கதையைச் சொல்லுங்கள். 2004 டிசம்பரில் ஒரு குழுவோடு அந்தமான் போயிருந்தார். அங்கிருந்து ஹாம் ஒலிபரப்பு நடந்து பல வருஷம் ஆகியிருந்ததால், உலகெங்கும் உள்ள ஹாம்கள் அந்தமானின் குரலைப் பிடிக்கக் காத்திருந்தார்கள். போர்ட் பிளேரில் ஹோட்டலில் உட்கார்ந்துகொண்டு அவர் செய்தது சுத்தமான பொழுதுபோக்கு, வேறொன்றுமில்லை. 26-ஆம் தேதி காலையில் நிலநடுக்கம், அடுத்து சுனாமி. தொலைபேசி செத்துப்போனது. அந்த அம்மாளின் கருவி பேசியது. தீவிலிருந்து நிலவரமும், உறவுகளைத் தேடுகிறவர்களுக்குத் தகவலும் அதன் வழியாகப் போயின.

ஒரு கொசுறு: ஹாம் வழக்கில் பெண் யாராக இருந்தாலும் 'இளம்பெண்' என்றுதான் குறிப்பார்கள், எண்பது வயதானாலும். இதைத் தெருப் பெண்களிடம் சொல்லிப் பாருங்கள். அடுத்த பரீட்சைக்கு நாலு விண்ணப்பம் போகும்.

பறவை நோக்கர், செங்கல்பட்டு
கே: விடியற்காலை ஏரிக்கரையில் பைனாகுலரோடு நின்றால் ஊர்க்காரர்கள் ஒரு மாதிரி பார்க்கிறார்களே?

ப: பைனாகுலர் படித்துறைப் பக்கம் திரும்பாமல் இருக்கும்வரை பயமில்லை. பறவைப் படங்கள் உள்ள கையேட்டை விரித்தே வைத்திருங்கள், கேட்பவர்களுக்குக் காட்டலாம். 2015-லிருந்து தமிழ்நாட்டில் பொங்கல் நாட்களில் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. அப்போது போனால் உங்களோடு நிற்க நாலு பேராவது கிடைப்பார்கள். கூட்டமாக நின்று எதைச் செய்தாலும் நம் ஊரில் மரியாதை.

மென்பொருள் பணியாளர், சென்னை
கே: கல்வெட்டு படிக்கக் கற்றுவருகிறேன். இதிலேயே மூழ்கினால் வேலை கெட்டுவிடாதா என்கிறார் என் மேலாளர்.

ப: ஐராவதம் மகாதேவன் ஐ.ஏ.எஸ். அதிகாரி. கோப்புகளுக்கு நடுவே குகை குகையாக ஏறித் தமிழ் பிராமிக் கல்வெட்டுகளைப் படித்தார். சிந்துவெளி எழுத்துகளைக் கம்ப்யூட்டர் உதவியோடு தொகுத்து 1977-ல் நூலாக்கினார். தமிழ் பிராமி பற்றிய பெருநூல் 2003-ல்தான் வந்தது. தொடங்கி ஏறத்தாழ நாற்பது வருஷம்! மேலாளரிடம் இதைச் சொல்லும்போது ஒன்றை மட்டும் மறைக்காதீர்கள், அவர் கோப்புகளையும் பார்த்தார்.

குழப்பவாதி, திருச்சி
கே: சுருக்கமாகச் சொல்லுங்கள். இப்படிப்பட்ட பொழுதுபோக்குக்கு வெட்கப்படுவதா, பெருமைப்படுவதா?

ப: இரண்டுக்கும் எதிரில் ஓர் ஆள் வேண்டும். டெலஸ்கோப்பில் சனியின் வளையம் கூர்மைக்கு வருகிற நேரத்தில் யாராவது தோளைத் தட்டினால், எரிச்சல்தான் வரும். நம் செஸ் ஆனந்துக்கு வானம் பார்ப்பது பிரியம். 2015-ல் ஒரு சிறுகோளுக்கே, எண் 4538, அவர் பெயரை வைத்துவிட்டார்கள். அதற்காக அவர் வெட்கப்பட்டதாகவும் தெரியவில்லை, அந்தக் கோளைப் பட்டா போட்டதாகவும் தெரியவில்லை.

பல வாசகர்கள், பல ஊர்கள்
கே: எல்லோரையும் கிண்டல் செய்கிறீர்களே, உங்களுக்கு என்ன கிறுக்கு?

ப: பழைய பஞ்சாங்கம். புதுசு வாங்க மாட்டேன். முடிந்துபோன வருஷத்துப் பஞ்சாங்கத்தைத் தேடி வாங்கி, இத்தனை மரக்கால் மழை என்று போட்டதையும் வானிலை ஆய்வு மையத்துக் கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒத்துப்பார்ப்பது. மழை அநேகமாக ஒத்துவருவதில்லை. ஆனால் ஒரு வருஷம் என் ராசிக்கு 'ஆதாயம் 2, விரயம் 14' என்று போட்டிருந்தார்கள். அந்த வருஷம் பழைய பஞ்சாங்கம் வாங்கிய செலவைக் கூட்டிப் பார்த்தேன். அச்சு அசலாகப் பலித்திருக்கிறது.