கொள்ளும் குதிரையும்: ரேஸ்கோர்ஸ் நடையாளர்கள் குறித்து ஓர் ஆராய்ச்சி

"இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு" என்ற பழமொழியைக் கொங்கு நாட்டில் அறியாதார் இல்லை. எள்ளைப் பற்றி இங்கே பேச்சில்லை. இளைத்தவர் எவரும் ஆய்வுக்கு அகப்படவில்லை. மீதிப் பாதியை நிறுவுவதோ மறுப்பதோ இக்கட்டுரையின் நோக்கம். களம், கோவை ரேஸ்கோர்ஸ் நடைபாதை. காலம், விடியற்காலை. கருவி, ஆய்வாளரின் இரு கண்கள்.

முதற்கண் வரலாற்றுச் சான்று. வெள்ளைக்காரன் காலத்தில் இவ்விடத்தில் குதிரைகள் ஓடின. குதிரையின் தீனி கொள்ளு. குதிரைக்குத் தொந்தி கிடையாது. இம்மூன்றையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்த ஒரு சாரார், கொள்ளு கொழுப்பைக் கரைக்கும் என்று முடிவு கட்டினர். இவர்களைக் கொள்ளுவாதிகள் எனலாம். கொள்ளு சூப் பொடி, கொள்ளுக் கஞ்சி மாவு என்று டப்பாவில் அடைத்து விற்போர் யாவரும் இம்மரபினரே. எதிர்த்தரப்பினர் ஓட்டவாதிகள். கொள்ளைத் தின்ற குதிரை லாயத்தில் படுத்துக் கிடக்கவில்லை, முதுகில் ஆளைச் சுமந்து ஓடியது என்பது அவர்கள் கட்சி. தவிர, குதிரைக்குக் கொள்ளு வைத்தது ஓடத் தெம்பு வருவதற்காகவே, இளைப்பதற்காக அல்ல. இந்த வாதத்துக்குக் கொள்ளுவாதிகள் இன்றுவரை பதில் எழுதவில்லை. எழுதினால் டப்பா விற்காது.

உள்ளபடி சொன்னால், 100 கிராம் கொள்ளில் ஏறத்தாழ 22 கிராம் புரதம் உண்டு, நார்ச்சத்தும் நிறைய. கலோரி 300-க்கு மேல். அரிசியை விடப் பெரிதாக ஒன்றும் குறைவில்லை. கரைக்கிற வேலை எதுவும் அதற்குத் தெரியாது. ஆனால் கொள்ளுப் பருப்பைக் கடைந்து சோற்றில் பிசைந்து உண்டவருக்கு அடுத்த பசி சற்றுத் தாமதமாக வருகிறது. அதன் மகிமை அவ்வளவுதான், அதுவே பெரிய உபகாரம்.

இனி மனிதர்கள். பாதையை ஒரு முறை சுற்றினால் சுமார் இரண்டரைக் கிலோமீட்டர். 70 கிலோ எடையுள்ளவர் இதில் செலவழிப்பது உத்தேசமாக 130 முதல் 150 கலோரி. 15 கிராம் நெய்யில் இருப்பது 135. அதாவது ஒரு பெரிய ஸ்பூன் நெய்க்கு ஒரு சுற்று. நடை முடிந்தபின் ஆய்வுக்குரியோர் இரு பிரிவாகின்றனர். முதல் பிரிவினர் அருகம்புல் சாறோ வாழைத்தண்டுச் சாறோ குடித்து, அந்தப் புண்ணியத்தின் பலத்தில் நெய் ரோஸ்டுக்குப் போகிறார்கள். இரண்டாம் பிரிவினர் நேரே நெய் ரோஸ்டுக்குப் போகிறார்கள். பின்னவரிடம் நாணயம் அதிகம். சாற்றுக் காசும் மிச்சம்.

"ஏனுங்ணா, நடந்துட்டு வந்து நெய் ரோஸ்டுங்களா?"

"நடந்ததுனாலதானுங் பசிக்குது!"

இவ்வாதத்தில் தர்க்கப் பிழை எதுவும் கண்டுபிடிக்க இயலவில்லை. (மைசூர்பா இவ்வாய்வின் எல்லைக்குள் வராது. அது பலகாரமல்ல, ஊர்ப் பெருமை.)

அடுத்தது பாக்கெட் இலக்கியம். கம்மஞ்சோறும் ராகிக்களியும் நம் பாட்டிமார் வட்டிலில் இருந்தவை. நாமோ அரிசிச் சோற்றுக்கு மாறி, அவற்றை ஏழைச் சாப்பாடு என்று ஒதுக்கினோம். 2023-ஐ ஐ.நா. சபை சிறுதானிய ஆண்டாக அறிவித்தபின் அதே கம்பு பிஸ்கட்டாகி, மில்லட் என்ற பெயரில், கண்ணாடிக் கதவுள்ள கடைக்குத் திரும்பி வந்திருக்கிறது. இங்கே ஆய்வாளருக்கு உதவுவது உணவுச் சட்டம். சேர்மானங்களை எடை கூடியதிலிருந்து குறைந்தது வரை வரிசையாக அச்சிட வேண்டும் என்பது விதி. முன்பக்கம் கம்பங்கதிர் சிரிக்கலாம். பின்பக்கம் மைதா, சர்க்கரை, பாமாயில் மூன்றும் கடந்த பிறகுதான் கம்பு வருமானால், அது மைதா பிஸ்கட். நாட்டுச் சர்க்கரை போட்டது என்றால் நிறம் மாறியது என்று பொருள். கலோரியில் வெள்ளைச் சர்க்கரைக்கும் அதற்கும் பெரிய பேதமில்லை.

உடல் பருமனைக் குணமாக்கும் என்று மருந்துக்கு விளம்பரம் செய்வதை 1954-ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம் ஒன்று தடுக்கிறது. இக்காலத்துப் பொடிகள் தம்மை மருந்து என்று சொல்லிக்கொள்ளக் கூச்சப்படுவதற்கு அடக்கம் மட்டுமே காரணமா என்பது தனி ஆய்வுக்குரியது.

விளம்பரத்தை விட வலிய சக்தி ஒன்றும் இம்மண்டலத்தில் உண்டு. அரிசியும் பருப்பும் சாதத்தின் தலையில் நெய் ஊற்றிக்கொண்டே "ஒரு கரண்டிதானுங் மாப்ள" என்கிற மாமியார். அங்கே "போதுமுங்" என்பது மறுப்பாகக் கருதப்படுவதில்லை. உபசாரத்தின் ஒரு பகுதியாகவே கொள்ளப்படுகிறது. கையால் இலையை மறைப்பதொன்றே பலன் தருகிறது, அதுவும் சில சமயம்.

தீர்ப்பு இது: கொள்ளும் வேண்டும், ஓட்டமும் வேண்டும், கரண்டி ஒன்று குறையவும் வேண்டும். கொள்ளை மளிகைக் கடையில் சில்லறையாகவே வாங்கலாம். சர்க்கரைக்கோ தைராய்டுக்கோ மாத்திரை சாப்பிடுவோர் வைத்தியரைக் கேட்டுச் செய்யவும். வாரத்துக்கு அரைக் கிலோ குறைவதே பத்திரம் என்கிறது ஹைதராபாத்தின் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம். பத்து நாளில் பத்துக் கிலோ என்று யாராவது சொன்னால், பணத்தை எடுக்குமுன் பாக்கெட்டைத் திருப்பிப் பின்பக்கத்தைப் படித்துப் பாருங்கள்.