ஆல்கலைன் அண்ணாச்சி

பாளையங்கோட்டையில் காலை நடைக்குப் போகிறவர்களுக்கு இவரைத் தெரியாமல் இருக்காது. ரிட்டையர்டு ஆபீசர்; கான்வாஸ் ஷூ; தோளில் துண்டு; கையில் வெண்பூசணிச் சாறு நிரப்பிய எவர்சில்வர் பாட்டில். "என்ன அண்ணாச்சி, எப்படி இருக்கிய?" என்று கேட்டுப் பாருங்கள்.

"இன்னைக்கு ஏழரை, தம்பி!"

ஏழரை என்றதும் ஊர் உலகம் சனீஸ்வரன் கோயிலுக்கு எள் தீபம் ஏற்ற ஓடும். ஏழரை வந்ததற்குச் சந்தோஷப்படுகிற ஒரே ஆத்மா அண்ணாச்சிதான். அது அவருடைய பிஎச் அளவு, அதாவது அமிலமா காரமா (ஆல்கலைனா) என்று காட்டும் எண். எண் கூடினால் உடம்பு காரம், காரமானால் ஆரோக்கியம் என்பது அவர் நம்பிக்கை. அதிகாலையில் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, சிறுநீரில் ஒரு காகிதத் துண்டை நனைத்து, டப்பாவில் அச்சிட்ட நிறப்பட்டியலோடு வைத்துப் பார்ப்பார். டியூப் லைட்டில் ஒரு நிறம் தெரியும், ஜன்னல் வெளிச்சத்தில் இன்னொன்று. இரண்டில் எது கூடுதல் பச்சையோ அதுதான் கணக்கு. வெளியே ஆச்சி கதவைத் தட்டிக்கொண்டிருப்பாள்.

டாக்டருக்குப் படித்த மருமகன் சொல்லிப் பார்த்தார். "மாமா, நீங்க அளக்கிறது சிறுநீரை. அது 4.5-லிருந்து 8 வரைக்கும் ஏறும், இறங்கும். ரத்தம் 7.35-க்கும் 7.45-க்கும் நடுவுலயே நிக்கும். கூடுற அமிலத்தைச் சிறுநீரகம் வெளியே தள்ளுது. கார்பன் டை ஆக்சைடை நுரையீரல் ஊதித் தள்ளுது. நீங்க குடிக்கிற ஆல்கலைன் தண்ணி மொதல்ல விழுறதே வயித்து அமிலத்துலதான்."

"மாப்பிள, நீங்க இங்கிலீஷ் வைத்தியம் படிச்சவிய" என்று பேச்சு முடிந்தது.

அண்ணாச்சியின் முழுத் திறமையும் மறுவீட்டுப் பந்தியில்தான் வெளிப்படும். தேங்காய்ப்பால் சொதியும் சோறும் விழுந்த இலையைப் பார்த்ததும் ஜாதகம் கணிக்க ஆரம்பிப்பார். சோறு அமிலம். பாசிப்பருப்பு அமிலம். தேங்காய்ப்பால் காரம். உருளைக்கிழங்கு காரம், ஆனால் சிப்ஸான பிறகு சந்தேகம். எல்லாவற்றுக்கும் பரிகாரம் எலுமிச்சை! சட்டைப் பையிலிருந்து ஒரு மூடியை எடுத்து இலை முழுக்கப் பிழிவார். "சொதியில ஏற்கெனவே எலுமிச்ச இருக்கு, தம்பி. தைரியமா ஊத்து" என்று மூன்றாம் தடவையும் வாங்கிக்கொள்வார்.

புளிப்பான எலுமிச்சை எப்படிக் காரமாகும் என்று கேட்டால் அவர் சொல்லும் பதிலில் பாதி உண்மையும் உண்டு. அதிலுள்ள சிட்ரேட்டை உடல் எரித்தபின் பைகார்பனேட் மிஞ்சும். சிறுநீரின் அமிலம் குறையும். ஆனால் ரத்தம் அசைந்து கொடுக்காது. பார்க்கப்போனால், மூச்சு வாங்க வாங்க அவர் செய்கிற பிரசங்கத்தில் வெளியேறும் கார்பன் டை ஆக்சைடே ரத்தத்தைச் சற்றுக் காரமாக்கிவிடும். பூசணிச் சாற்றுக்கு அந்தச் சக்தி கிடையாது.

என்றாலும் அண்ணாச்சி ஆரோக்கியமாகத்தான் இருக்கிறார். தினம் நடக்கிறார், கீரையும் காயும் பழமும் நிறையச் சாப்பிடுகிறார், உப்பைக் குறைத்திருக்கிறார். பலன் அவற்றால் வருகிறது, பெயரைக் காகிதத் துண்டு தட்டிக்கொண்டு போகிறது. அவருடைய பழக்கத்தைத் தாராளமாகப் பின்பற்றுங்கள். ரசாயனப் பாடத்தை விட்டுவிடுங்கள். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் யார் அன்போடு நீட்டினாலும் இளநீரையோ பழச்சாற்றையோ டாக்டரைக் கேட்காமல் குடிக்க வேண்டாம். அவற்றிலுள்ள பொட்டாசியம் ரத்தத்தில் தங்கிவிட்டால் இதயத் துடிப்பையே குலைத்துவிடும்.