கேக்குதோ?

வெள்ளவத்தையில் தொடர்மாடிக்கு ஒரு சத்தப் பைத்தியமாவது இருக்கிறார். எங்களுடையவர் மரீன் டிரைவ் பக்கம், நாலாம் மாடி. லண்டன் மச்சான் உடுப்புக்கு நடுவில் சுற்றிக் கொண்டுவந்த சின்னக் கறுப்புப் பெட்டி ஒன்று வைத்திருக்கிறார். டிஜிட்டல் பாட்டைக் காதுக்கேற்ற சத்தமாக மாற்றுகிற ‘டாக்’ என்பார். அதில் தூசி தட்டும் உரிமை அவர் வீட்டு அக்காவுக்குக் கூட இல்லை.

2021 பெப்ரவரியில் ஸ்பொட்டிஃபை இலங்கைக்கு வந்தபோது எல்லாருக்கும் சந்தோஷம். அதே வருடம் ஜூனில் அப்பிள் மியூசிக், மேலதிகக் காசு கேட்காமல் ‘லொஸ்லெஸ்’, அதாவது சுருக்கும்போது எதையும் இழக்காத பாட்டு, கொடுக்கத் தொடங்கியது. எங்கள் நிம்மதி அதோடு போனது.

“வா தம்பி, இரு. ஒரு பாட்டுப் போடுறன்” என்பார். நம்பக் கூடாது. போடுவது பாட்டல்ல, பாட்டில் நாற்பது செக்கன். பெரும்பாலும் 1978இல் வந்த ‘ப்ரியா’. தமிழில் ஸ்டீரியோ தொடங்கியதே அதில்தான் என்பது அவர் கட்சி. வயலின்கள் எழும்பும் இடத்தில் டக்கென்று நிறுத்துவார்.

“இது ஸ்பொட்டிஃபை, 320 கிலோபிட். இப்ப இதைக் கேள்.” அதே நாற்பது செக்கன். “இது லொஸ்லெஸ். கேக்குதோ?”

“ஓம் அண்ணை” என்றால் விடமாட்டார். “என்ன கேட்டது?” என்பார். “வடிவாக் கேக்குது” என்பது தேறாது. ஒருநாள் வாய்க்கு வந்தபடி “தபேலாவுக்குப் பின்னால ஒரு காத்து அண்ணை” என்றேன். கையைப் பிடித்துக்கொண்டார். அன்றைக்குத் தேத்தண்ணியோடு வடையும் வந்தது.

சரியாக அந்த வயலின் இடத்தில் மாத்தறைக் கோச்சி ஹோர்ன் அடித்துக்கொண்டு கடற்கரையால் போகும். நிறுத்துவார். கோச்சி போய் முடியும்வரை கண்ணை மூடிக்கொண்டிருப்பார். பிறகு முதலில் இருந்து. கடற்கரைப் பாதையில் எத்தனை கோச்சி ஓடுகிறது என்பது உங்களுக்குத் தெரியும்.

மூன்று நிமிடப் பாட்டு சாதாரணமாக 6 எம்.பி., லொஸ்லெஸ் என்றால் 36, அதற்கும் மேலே ‘ஹை-ரெஸ்’ என்றால் 145 என்று அப்பிளே கணக்குச் சொல்கிறது. அந்த 145ஐயும் இறக்கி நாற்பது செக்கனோடு நிறுத்துகிற மனிதரை என்ன செய்ய? அந்த ‘ஹை-ரெஸ்’ஸில் செக்கனுக்கு 192,000 மாதிரிகள் எடுத்த பதிவு 96,000 ஹேர்ட்ஸ் வரை ஏந்தும். மனிதக் காது இளமையிலேயே 20,000த்தோடு சரி; அறுபது தாண்டினால் அதிலும் மேற்பகுதி கழன்றுவிடும். மிச்சமெல்லாம் மரீன் டிரைவ் வௌவால்களுக்கு.

புளூரூத் பற்றி அவர் சொல்வது மட்டும் நியாயம். வழக்கமான புளூரூத் சத்தத்தைச் சுருக்கித்தான் அனுப்பும். லொஸ்லெஸ்ஸை இறக்கி அதில் கேட்பது வீண். ஆனால் கொட்டாஞ்சேனைக்கு பஸ்ஸில் நெரிபட்டுப் போகிற பெடியனை மறித்து, காதில் இருக்கிறதைக் கழற்றச் சொல்லி, அதை விளங்கப்படுத்த வேண்டுமா?

கோபம் வரும்போதெல்லாம் அவருடைய யாழ்ப்பாணக் கதை நினைவுக்கு வரும். தொண்ணூறுகளில், சண்டைக் காலத்தில், அங்கே கரண்ட் இல்லை, பற்றரிக்கும் தடை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்துப் பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில்தான் ரேடியோ. கை களைத்தால் பாட்டும் களைக்கும்.

“அப்ப பாட்டு முழுக்கக் கேட்டனீங்களோ அண்ணை?”

“பின்னை? பாதியில விட்டா சுத்தினவனுக்கு நட்டமெல்லே!”

இதைச் சொன்ன கையோடு மறுபடி நாற்பதாவது செக்கனில் நிறுத்தினார்.

எனக்கு வேறொன்றும் வேண்டாம். ஒரு நாளைக்காவது ஒரு பாட்டு முடியவேண்டும். மாதம் மாதம் காசு கட்டுகிறவர், கேபிளுக்கு மட்டும் ஒரு சம்பளம் கொடுத்தவர், விருந்தாளியை உட்காரவைத்துச் சரணத்தைக் காட்டாமல் அனுப்புவது அநியாயம்.

போன கிழமை குசினிக்குப் போய்விட்டேன். அங்கே அக்காவின் போன் சீனிப் போத்தலில் சாய்ந்துகொண்டு, நடுவில் சவர்க்கார விளம்பரம் போட்டு, ஓசி யூரியூப்பில் பாடிக்கொண்டிருந்தது. ‘ப்ரியா’ பாட்டின் இரண்டாம் சரணம் எப்படிப் போகும் என்று கேட்டேன். அப்பளம் பொரித்தபடியே முழுக்கப் பாடிக் காட்டினார்.

“கொஞ்சம் சத்தத்தைக் குறையும்,” என்று உள்ளேயிருந்து அண்ணை கத்தினார், “இஞ்ச ஒண்டும் கேக்கேல்லை!”