இடுப்பு மட்டும் எக்ஸ்எல்

கேள்வி: பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. வயது 49. மாதவிலக்கு நின்று ரெண்டு வருஷம். எடை ரெண்டு கிலோதான் ஏறியிருக்கிறது. ஆனால் வயிறு மட்டும் எனக்கு முன்னால் கம்பெனிக்குப் போகிறதே, ஏன்?
– ஒரு வாசகி, அனுப்பர்பாளையம்

பதில்: கட்டிங் மாஸ்டர் கணக்கு முடித்துக்கொண்டு போய்விட்டார், அம்மணி! அவர் பெயர் ஈஸ்ட்ரோஜன். மிச்சக் கொழுப்பைத் தொடைக்கும் பின்புறத்துக்கும் பிரித்து, தோலுக்கடியில் பத்திரப்படுத்தியவர் அவர்தான். நம் நாட்டுப் பெண்களிடம் சராசரியாக 46 வயதிலேயே விடைபெறுகிறார். அப்புறம் வருகிற சரக்கில் முன்னைவிட அதிகப் பங்கு வயிற்றுக்குள், குடலையும் ஈரலையும் சுற்றி இறங்குகிறது. சர்க்கரை, இதய நோய்க்கு வழிவிடுவது இந்த உள்கொழுப்புதான்.

ஈஸ்ட்ரோஜன் சுரக்கும் சினைப்பையை நீக்கிய எலிகளுக்குக் கொழுப்புத் தீனி போட்டுப் பார்த்திருக்கிறார்கள். நீக்காதவற்றைவிட அவை அதிகம் பெருத்தன. ஈரலிலும் கொழுப்பு சேர்ந்தது. எலிக்குப் போட்ட தீனியை நமக்கு யாரும் போடுவதில்லை. சாயங்கால டீயோடு, எண்ணெய் ஊறிய பேப்பரில் போண்டாவாக நாமே வாங்கிக்கொள்கிறோம். சுண்டலும் அதே கடையில்தான் இருக்கிறது, பாவம்.

தராசை விடுங்கள். கழுத்தில் தொங்கும் இஞ்ச் டேப்பை எடுங்கள். மூச்சை விட்டபின், கடைசி விலாவுக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில் அளக்க வேண்டும். 80 சென்டிமீட்டரைத் தாண்டினால் டாக்டரைப் பாருங்கள். வயிற்றை எக்கி அளந்தால் பீஸ் ரிஜெக்ட்!

வீட்டுக்காரர் சிரிக்கிறாரா? ஆண்களுக்கு இளமையிலிருந்தே வயிறுதான் குடோன். அவருக்கு எல்லை 90. அதே டேப்போடு கூப்பிடுங்கள்.