ரஸ்தாளிச் சீப்பில் நிகழும் திருமணங்கள்: ஒரு மயிலாப்பூர் ஆய்வு

மாடவீதியில் வாங்கிய ரஸ்தாளிச் சீப்பில் கறுப்புப் புள்ளி விழுந்ததும் மயிலாப்பூர்ச் சமையலறைகளில் எழும் கேள்வி ஒன்றுதான்: "இந்தச் சின்ன ஈயெல்லாம் எங்கேர்ந்து வரது?" இதில் இரண்டு கட்சி. ஈக்கள் பழத்துக்குள்ளேயே சுயம்புவாகத் தோன்றுகின்றன என்பது முதல் கட்சி. பக்கத்து ஃப்ளாட்டிலிருந்து வருகின்றன என்பது இரண்டாவது. இத்தாலியின் பிரான்செஸ்கோ ரெடி 1668-லேயே இறைச்சி ஜாடிகளை மூடிவைத்து முதல் கட்சியைத் தோற்கடித்துவிட்டார். இரண்டாவது கட்சி இன்றும் செல்வாக்கோடு இருக்கிறது.

ஆய்வுக்குரிய பிராணி டிரோசோஃபிலா. நீளம் இரண்டு, மூன்று மில்லிமீட்டர், கண் சிவப்பு. பரிசோதனைக்கூடங்களில் புகழ்பெற்றது மெலனோகாஸ்டர் என்ற இனம். அதன் உறவான அனானசே இந்தியாவில் மனிதர் குடியிருக்கும் இடங்களை ஒட்டிப் பெருகுவது.

அரை மில்லிமீட்டர் முட்டை ஒரே நாளில் பொரிகிறது. புழு தின்பது பெரும்பாலும் பழத்தில் ஊறும் ஈஸ்ட்டைத்தான். அந்த வகையில் அது இட்லிமாவுக் கட்சி. இருமுறை தோலுரித்து, ஈரம் விட்டு ஏறி, உலர்ந்த இடத்தில் கூடாகிறது. 25 டிகிரி வெப்பத்தில் முட்டை ஈயாக மொத்தம் பத்து நாள்.

இனி வரன் பார்க்கும் படலம். பெண் ஈ பிறந்த சில மணி நேரம் எவரையும் ஏறெடுத்தும் பார்க்காது. ஆண் பின்தொடரும், முன்காலால் தொட்டு, இன்னார் என்று ருசி பார்த்துக்கொள்ளும். பிறகு கச்சேரி. ஒரு சிறகை மட்டும் விரித்து அதிர வைக்கும். பெண் அதைக் கேட்பது உணர்கொம்பால். தாள இடைவெளி இனத்துக்கு இனம் மாறும் என்பதால், தாளம் தப்பினால் சம்பந்தம் கஷ்டம். டிசம்பர் சபாக்களில்கூட இவ்வளவு கறாரான ரசிகையைக் காண்பது அரிது. மெலனோகாஸ்டரில் கூடல் கால் மணி நேரத்துக்குச் சற்று மேல். அதன்பின் பெண்ணின் மனம் மாறிவிடுகிறது: ஆணின் விந்துநீரில் வரும் ஒரு புரதத்துணுக்கு அதன் பசியையும் முட்டையிடும் வேகத்தையும் கூட்டி, அடுத்து வருவோரை உதைத்து விரட்ட வைக்கிறது.

உதை வாங்கியவர்கள் கதி? 2012-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் இதைச் சோதித்தார்கள். நிராகரிக்கப்பட்ட ஆண்கள், கூடிய ஆண்களைவிட மது கலந்த உணவை அதிகம் நாடின. தமிழ் சினிமா இதை எந்தச் சோதனையும் இல்லாமலே கண்டுபிடித்திருந்தது.

கத்திரி வெயில் இந்த இல்லறத்துக்கு ஆகாது. 30 டிகிரியைத் தாண்டிய சூட்டில் வளரும் மெலனோகாஸ்டர் ஆண்கள் மலடாகிவிடக்கூடும்.

இவ்வளவு அற்பமான ஜீவனா என்று முகம் சுளிக்க வேண்டாம். தாமஸ் ஹன்ட் மார்கனுக்கு 1933-இல் நோபல் வாங்கித் தந்தது இதுதான். உடற்கடிகார ஆய்வுக்கு 2017-இல் மூவருக்கு வாங்கித் தந்ததும் இதுதான். பம்பாய் டாடா ஆய்வு நிறுவனத்தில் ஒபைத் சித்திக்கியும் வெரோனிகா ரோட்ரிக்ஸும் 1970-களில் மணம் அறியாத ஈக்களைத் தேடிப் பிடித்து ஆராய்ந்தார்கள். மணம் அறிந்தவை தி.நகர் பழக்கடைகளுக்கே வழி கண்டுபிடித்துவிடுகின்றன.

ஒழிக்க நினைப்பவர்கள் ஸ்ப்ரேயைத் தேட வேண்டாம். சீப்பாக வாங்காமல் ஆறு பழமாக வாங்குங்கள். தோலை அன்றன்றே வெளியேற்றுங்கள். சிங்க் அடியில் உருண்டுபோன அந்த ஒற்றைத் தக்காளியையும் குனிந்து எடுத்துவிடுங்கள்.