இரவுக்கும் காவல் உண்டா?

கேள்வி: கோடை விடுமுறைக்கு மகனை உண்டு உறைவிட முகாமில் சேர்க்க எண்ணுகிறேன். இருபத்துநான்கு மணி நேரமும் மேற்பார்வை உண்டென்கிறார்கள், நம்பலாமா?
— ஒரு தாய், திருச்சுழி

பதில்: அம்மணி, பகலைக் காக்கப் பலர் இருப்பர், பின்னிரவு இரண்டு மணிக்கு விழித்திருப்பவர் யார், அவர் அயர்ந்தால் மாற்று யார் என்று கேளுங்கள். நம் கரிசல் சீமையில் கண்மாய்கள் வறண்டாலும் கைப்பிடிச் சுவரற்ற கிணறுகளின் அபாயம் வறள்வதில்லையாதலால், முகாமை ஒட்டிய தோட்டத்துக் கிணற்றுக்கு இரும்பு வலை போட்டிருக்கிறதா என்பதை நேரில் சென்று பாருங்கள். குழந்தைகள் விடுதிகளுக்கு 2014-ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டம் உரிமத்தை அவசியமாக்கியிருப்பதால், உரிமத்தைக் காட்டும்படி கேட்பது மரியாதைக் குறைவன்று. 1098 என்ற உதவி எண்ணை மகனுக்கு மனப்பாடம் செய்வித்து, எதைச் சொன்னாலும் வீட்டில் ஏச்சு விழாது என்ற அபயத்தையும் கொடுத்தனுப்புங்கள்.