இடைவெளி விட்டால் ஷேர் ஆட்டோ

மின்சாரக் காரைச் சிக்கனமாக ஓட்ட மூல மந்திரம் ஒன்றுதான்: முன்னால் போகிற வண்டிக்கும் நமக்கும் நல்ல இடைவெளி வேண்டும். அவன் வேகம் குறைத்தால் பிரேக்கைத் தொடாமல் ஆக்ஸிலரேட்டரிலிருந்து மெல்லக் காலை எடுத்தாலே போதும். மோட்டார் ஜெனரேட்டராக மாறி, ஓடிய வேகத்தை மின்சாரமாக்கி பேட்டரிக்கே திருப்பிவிடும். ரீஜென் என்பார்கள். பிரேக்கை ஓங்கி மிதித்தால் அதில் பெரும்பங்கு டிஸ்க்கில் சூடாகி வீணாகப் போகும்.

இந்த மந்திரத்தை அருளியவர் காலை ஒன்பது மணிக்கு சென்னை சி.டி.எச். ரோடு பக்கம் வந்திருக்க மாட்டார். அம்பத்தூர் ஓ.டி. தாண்டி நான் விட்ட இடத்துக்கு அடுத்த நொடியே ஒரு ஷேர் ஆட்டோ பட்டா போட்டுவிடும். போகட்டும் என்று இன்னும் கொஞ்சம் பின்வாங்கினால் இரண்டு பைக், அதன் பின்னால் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டுக்குப் போகும் கம்பெனி வேன். மந்திரத்தை முழுசாக ஜபித்தால் நான் பாடிக்குப் பதிலாக ஆவடிக்குத்தான் போய்ச் சேருவேன்.

எதிர்வீட்டு மாமா அந்த ஆவடியில், கனரக வாகனத் தொழிற்சாலையில் ரிட்டயர் ஆனவர். அர்ஜுன் டாங்கிக்கு 1,400 குதிரைத்திறன். லிட்டருக்கு அரை கிலோமீட்டர்கூடத் தராது. ஆகவே மைலேஜ் பேச்சு அவருக்கு அற்பம். "எங்க வண்டி வந்தா எந்த ஷேர் ஆட்டோ குறுக்க வரும்?" என்பார். ஆனாலும் ரீஜென் அவரை உறுத்தியது.

"தம்பி, பாடி மேம்பாலத்துல ஏறி ஏறி இறங்கினா சார்ஜே போட வேணாமே?"

ஏறக் கொடுத்ததில் ஒரு பங்குதான் இறங்கும்போது திரும்பும் என்றேன். நூறு சதவீதம் ஏற்றிக்கொண்டு கிளம்பினால் அதுவும் ஏறக்குறையக் கிடையாது. நிரம்பிய பேட்டரியில் போட இடமிருக்காது.

"அப்ப மச்சானுக்குக் குடுத்த கடன்னு சொல்லு."

பாடப்புத்தகத்தில்கூட இவ்வளவு தெளிவாகப் போடவில்லை.

பூந்தமல்லி தாண்டி, நசரத்பேட்டையில் வெளிவட்டச் சாலை ஏறினால் வேறு சோதனை. வண்டலூரிலிருந்து மீஞ்சூர் வரை 62 கிலோமீட்டர், கால் தானாக அமுங்கும். காற்றின் எதிர்ப்போ வேகத்தின் வர்க்கமாக ஏறும்: 60-லிருந்து 90-க்குப் போனால் இரண்டேகால் மடங்கு. அதனால் இடது ஓரமாக 60-லேயே போவேன். ஜல்லி லாரி முந்தும்போது கிளீனர் தலையை நீட்டி, பஞ்சரா என்று கையால் விசாரிப்பார். டயரில் காற்று சரியாகத்தான் இருக்கிறது. அதையும் வாராவாரம் பார்க்கிறவன் நான்.

மிச்சமிருப்பது ஏ.சி. மற்றதெல்லாம் கிலோமீட்டர் கணக்கில் தின்னும், இது மணிக்கணக்கில். மே மாத வெயிலில் மணிக்கு ஒரு யூனிட் என்று வைத்தாலும், எஸ்டேட் நெரிசலில் ஒரு மணி நேரம் சிக்கினால் ஏழு கிலோமீட்டர் போச்சு. அந்த நெரிசலிலேயே, விரல் ஏ.சி. பட்டனில் இருக்க, மனைவிக்கு இதை விளக்கினேன்.

"ஏழு கிலோமீட்டர்தானே?" என்றபடி கதவைத் திறந்தாள். "நான் ஆட்டோவுல வந்துக்கறேன். என் வெயிட்டும் குறையும், உங்களுக்கு இன்னும் ரெண்டு கிலோமீட்டர் லாபம்."